சொல்லாத பேர்

பாட்டி வண்டியிலேயே இருக்கட்டும், இறக்க வேண்டாம், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கிளார்க் பெண் உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து தையல்நாயகிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கருவூல ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அதில் உட்கார்ந்தால் புங்கமரத்தடியில் நிற்கும் ஆட்டோவும் அதற்குள் சாய்ந்து கிடக்கும் அக்காவும் கண்ணில் படவில்லை. ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றால் உள்ளே கூப்பிடுவது காதில் விழாது. இரண்டுக்கும் நடுவில், கொடிக்கம்ப மேடையை ஒட்டி, ஒரு தோள் வெயிலிலும் ஒரு தோள் நிழலிலுமாக நின்றுகொண்டாள். ஆட்டோக்காரன் பக்கிரி அவர்கள் ஊர்க்காரன்தான். பெரியம்மா தூங்குது சின்னம்மா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் சின்னம்மா என்று கூப்பிட்டது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்குமோ என்று ஒரு நடுக்கம் வந்து போனது. விழுந்தால்தான் என்ன, தங்கையைச் சின்னம்மா என்று கூப்பிடக் கூடாதா, யாரும் அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்ட பிறகும் பயம் விடவில்லை. ஆபீஸ் என்று எதற்குள் நுழைந்தாலும் அவளுக்கு அப்படித்தான். ரேஷன் கடை வரைக்கும் தாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கண்ணாடி போட்ட ஒரு முகம் என்று வந்துவிட்டால் திருடிவிட்டு நிற்கிறவள் மாதிரி கை தானாகக் கழுத்துக்குப் போகும். இப்போதும் போனது. கழுத்தில் ஒன்றும் இல்லை. வேர்வைதான் இருந்தது.

அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று காட்டிவிட்டுப் போனால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை நேர்காணல் என்று வைத்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை நேரில் பார்ப்பார்கள். செத்துப் போனவர்கள் பேரில் யாரும் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு. இந்தத் தடவை நேர்காணல் சமயத்தில் அக்கா கொல்லைப்படியில் விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வராததால் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். பேங்க் புத்தகத்தை மிஷினுக்குள் விட்டால் போன மாதிரியே வெளியே வருகிறது. மளிகைக் கடைக்காரர் இப்போதெல்லாம் அவளைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு முதலில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைக்குக் காட்டிவிட்டால் மறுபடி வரும், நின்றதும் சேர்ந்து வரும் என்று சொன்னார்கள். அக்கா மூச்சு விடுகிறாள், கண்ணைத் திறந்து பார்க்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தால்தான் பயம். விழுந்ததிலிருந்து அக்காவுக்குக் காலம் கலங்கிப் போய்விட்டது. ஒரு நேரம் சரியாக இருப்பாள், ரசத்தில் புளி தூக்கல் என்பாள். ஒரு நேரம் புருஷன் வேலை பார்த்த அந்த மதகு வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தண்ணி திறந்தாச்சா, அவுங்க சாப்பாட்டுக்கு வந்தாச்சா என்று கேட்பாள். போன வாரம் ஊசி போட வந்த நர்ஸிடம், தையல்நாயகியைக் காட்டி, இவளும் அவுங்க சம்சாரந்தான், எனக்குப் பிள்ளையில்லைன்னு நாந்தான் கட்டி வெச்சேன் என்று வெற்றிலை பாக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டாள். நர்ஸ் சிரிக்கலாம். இங்கே சிரிக்க மாட்டார்கள். இங்கே எழுதிக்கொள்வார்கள்.

உள்ளே அந்தப் பெண் ஒவ்வொருவரையும் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. புதிதாக வந்தவள், வடக்கே எங்கேயோ இருந்து. குரல் நல்ல குரல், அம்மா அம்மா என்று மரியாதையாகத்தான் பேசுகிறாள். புருஷனை இழந்து வந்தவர்களை உங்க பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன, எந்த ஆபீசுல இருந்தார், எப்ப தவறினார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், மறுபடி கல்யாணம் ஏதும் பண்ணிக்கலையே என்று கேட்கிறாள். பல்லெல்லாம் போன ஒரு கிழவி, இத்தனை நாளா எவனும் கேக்கல, நீயே ஒருத்தனப் பாத்து முடிச்சு வையேன் தாயி என்றாள். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் சிரிப்பு எழும்பியது. கேக்கணும்னு இருக்கு பாட்டி, அதான் என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். தையல்நாயகிக்கும் உதடு விரிந்தது. விரிந்த உதடு அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் இருந்த கேள்வி அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரர் பேர். போன வருஷம் வரை இருந்த கிளார்க் ஐயா இந்தப் பக்கத்து மனிதர். பேரை அவரே படித்து, இவர் சம்சாரந்தானே என்று கேட்பார், அக்கா தலையை ஆட்டுவாள், முடிந்தது. இந்தப் பெண் கேட்டு வாங்குகிறாள். உள்ளே ஒரு கிழவி பதில் சொல்லாமல் சுவர்க் காலண்டரைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தேதியெல்லாம் வேணாம்மா, பேர் சொல்லுங்க என்றாள். காலண்டரில் இருந்தது முருகன் படம். கடைசியில் கூட வந்த மகள்தான், சுப்பிரமணியன் மேடம், அம்மா அப்பா பேரச் சொல்லமாட்டாங்க என்று எடுத்துச் சொன்னாள். ஓ அப்படியா, சரி, சொல்ல வராதவங்களுக்குக் கூட வந்தவங்க சொல்லலாம் என்றாள் அந்தப் பெண். கூட வந்தவங்க சொல்லலாம். தையல்நாயகி ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவோடு கூட வந்தவள் அவள்தான். காலையிலிருந்து அக்கா வாயையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தாளே, தனக்கும் ஒரு வாய் இருப்பதை நினைக்கவே இல்லை.

அந்தப் பேரை அவள் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அக்கா கல்யாணத்தின்போது. அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மாப்பிள்ளை பேரை உரக்கப் படித்தாள். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தி, அத்தான்னு சொல்லணும்டி என்றாள். அம்மா கையில் சுண்ணாம்பு வாசம். அதிலிருந்து அத்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு, வயது வந்த பிறகு, அக்கா வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து, வெளியிலேர்ந்து ஒருத்தி வந்தா என் கஞ்சிக்கு உத்தரவாதம் இல்ல, தையலு வந்தா இருக்கு என்று கேட்ட பிறகு, அத்தானும் போய்விட்டது. அவுங்க. இங்க பாருங்க. ஏங்க. பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். அக்காவுக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தது. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயிலில் ஊரே சாமி பேரைச் சொல்லிக் கூவும்போது இவர்கள் இரண்டு பேரும் மட்டும் கைகூப்பி உதட்டை அசைத்துவிட்டு நிற்பார்கள். சுற்றி நிற்கிற பெண்கள் முழங்கையால் இடித்து, சொல்லுங்களேண்டி, சாமி கோச்சுக்கும் என்று சீண்டுவார்கள். அக்கா விட மாட்டாள். சாமிக்குத் தெரியும் என் கஷ்டம், ஒனக்கென்ன, ஒன் வீட்டுக்காரர் பேரு வெறும் பிச்சை என்பாள். அப்படிச் சொல்லாமல் சொல்லாமல் காப்பாற்றிய ஆயுசு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைக்கிறதுக்குள் முடிந்துவிட்டது. இனிக் குறைவதற்கு என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. அவள் வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது, நாக்கு வரவில்லை. ஏப்பம் தடுக்கிக்கொண்ட மாதிரி அங்கேயே நின்றது. பயம் ஆயுசுக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. பின்னே எதற்கு. சொல்லாமல் இருந்தது ஒன்றுதான் அவள் அவருக்குப் பெண்டாட்டியாக இருந்ததற்கு மிச்சம். வேறு எது இருக்கிறது என்று தேடினாள். வேறு எதிலும் இல்லை.

ஊருக்கெல்லாம் தெரியும், பேப்பருக்குத்தான் தெரியாது. அவர் ஆற்று மதகில் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை, சின்ன வேலைதான், ஆனால் கவர்ன்மெண்டு வேலை. ரெண்டாவது சம்சாரம்னு ஒரு மொட்டைக் கடுதாசி போனாப் போதும், சீட்டுக் கிழிஞ்சிடும் என்று கல்யாணத்தன்றைக்கே சொல்லிவிட்டார். கல்யாணம் என்றால் அய்யனார் கோயிலில், நாதஸ்வரம் இல்லாமல், அக்காவே தாலி எடுத்துக் கொடுத்து நடந்தது. மதகை ஒட்டியே வீடு. ஜீப் சத்தம் கேட்டால் இஞ்சினியர் வருகிறார் என்று அர்த்தம். ஜீப் பாலத்தைத் தாண்டுகிறதுக்குள் அக்கா ஓடிவந்து, தையல்நாயகி கழுத்துக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளி முந்தானையை இழுத்துவிடுவாள். மாவு பிசைகிற கையோடு வருவாள் சில நாள், கழுத்தில் மாவு ஒட்டும். பிறகு தையல்நாயகி இஞ்சினியருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். யாருப்பா இந்தப் பொண்ணு. மச்சினிங்க ஐயா, அக்காவுக்கு ஒத்தாசையா வந்திருக்கு. ஒத்தாசைக்கு வந்தவள் வயிறு தள்ளிக்கொண்டு வந்ததும் ஜீப் வருகிற நாளெல்லாம் நெல்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில் அவளை அக்கா பேரில், அபயாம்பாள் என்று எழுதிச் சேர்த்தார்கள். பிள்ளை அவர் சர்வீஸ் புக்கில் ஏற வேண்டும், பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு அம்மா வேண்டும். நர்ஸ் வார்டு வாசலில் நின்று அபயாம்பா அபயாம்பா என்று கத்துவாள். இவள் பேசாமல் படுத்திருப்பாள். காது செவிடா ஒனக்கு என்று வந்து கன்னத்தில் தட்டுவாள். பக்கத்தில் நிற்கிற அக்காவை, நீ யாரும்மா என்று கேட்டால், நான் தையல்நாயகி, தங்கச்சி என்பாள் அக்கா. இவளைவிடப் பதினாலு வயது பெரிய தங்கச்சி. வலிக்கு நடுவிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலி கூடியது. அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று யார் கண்டார்கள். மணிவண்ணனும் இளவரசியும் அபயாம்பாள் பெற்ற பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில், ஆதார் அட்டையில், இளவரசி கல்யாணப் பத்திரிகையில். பிள்ளைகள் வெளியில் உளறிவிடக் கூடாது என்று வீட்டிலும் அக்காவை அம்மா என்றும் இவளைச் சித்தி என்றும் பழக்கிவிட்டார். பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை மஞ்சள் காமாலையில் கிடந்தபோது மணிவண்ணன் அம்மா என்று இவள் கையைப் பிடித்தான். ஜுரம் இறங்கியதும் சித்தி தண்ணி என்றான். இப்போது திருப்பூரிலிருந்து போன் பண்ணுகிறான். அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்க சித்தி, மாத்திரை விட்டுறாத. அவன் நல்ல பிள்ளைதான். அவனுக்கும் வாடகை, இரண்டு குழந்தைகள், அடிக்கடி வேலை இல்லாத மில். அம்மாவைப் பத்திரமாக என்று அவன் சொல்லும்போது என்ன சொல்கிறான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா இருக்கிறவரைக்கும்தான் பென்ஷன். அக்கா போன அன்றைக்கு அதுவும் போய்விடும். இவளுக்குச் சேராது. இவள் யார்.

இவள் யார் என்று இதே வளாகத்தில், அதோ அந்தத் தாலுகா ஆபீஸ் படியில், போன வருஷம் ஒரு மனு எழுதுகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆதரவில்லாத விதவைகளுக்கு அரசாங்கம் ஏதோ கொடுக்கிறதாமே என்று, யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள். புருஷன் இறப்புச் சான்று, அதுல சம்சாரம்னு அந்தம்மா பேரு இருக்கணும் என்றார் அவர். இல்லை என்றாள். அப்ப விதவை இல்லையேம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்யாணமே ஆகாத ஏழைப் பொண்ணுங்களுக்கு அம்பது வயசுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதுக்குப் போடலாம், வி.ஏ.ஓ.கிட்ட கல்யாணம் ஆகலைன்னு எழுதி வாங்கணும் என்றார். யாருக்கும்மா, உங்களுக்கா என்று ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு பெற்ற வயிறு. அதை ஒரு பார்வையில் எந்த மனிதனும் கண்டுவிடுவான். இல்லைங்க, தெரிஞ்சவங்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வி.ஏ.ஓ. உள்ளூர்க்காரர். அவர் வீட்டு வளைகாப்புக்கு இவள் போய் வளையல் அடுக்கியிருக்கிறாள். அவரிடம் போய்க் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது. ரேஷன் கார்டில் இவள் குடும்பத் தலைவியின் தங்கை. ஓட்டர் கார்டில் இன்னும் அப்பா பேர். இத்தனை நாள் அவர் சமைத்த சோறு தின்று, அவர் துணி துவைத்து, அவர் காலைப் பிடித்துவிட்டு, ஒன்றிலும் அவர் பேர் இவளோடு வந்து ஒட்டவில்லை. அவர் சமைத்த சோறா, என்ன நினைப்பு இது, சமைத்தது இவளல்லவா. வெயிலில் புத்தி தடுமாறுகிறது. நிழலுக்குத் தள்ளி நின்றாள். அக்கா தலை கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இந்தப் பார்வை எப்போது வந்தது என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் தூங்குகிற அக்காவை அப்படித்தான் பார்க்கிறாள், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி. பிரியத்தால் பார்க்கிறாளா, பென்ஷனுக்காகப் பார்க்கிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரிக்க முடியாதபடிதான் அவர்கள் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்தே பிசைந்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் அக்காவைக் குளிப்பாட்டும்போது ஒரு நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா பேரில் படுத்தவள்தானே, அக்கா போய்விட்டால், யாருக்கும் சொல்லாமல், கருவூலத்தில் அக்கா பேரில் வந்து உட்கார முடியாதா. வந்த நினைப்பு வந்த வழியே போகவில்லை, சொம்பிலிருந்த தண்ணீர் தீர்கிறவரை இருந்தது. அப்புறம் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுச்சா என்று கேட்டாள் அக்கா.

அவர் தவறியபோது ஆபீஸிலிருந்து மாலையோடு வந்தார்கள். இவள் கொல்லையில் நின்றாள். தலைமாட்டில் அக்கா. பத்தாம் நாள் சடங்குக்கு ஆற்றுக்குப் புறப்படுமுன் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், அறுக்க வேண்டிய தாலி ஒன்றா இரண்டா என்று. ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பென்ஷன் பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தவர்கள். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். ரவிக்கைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்தாள். எத்தனையோ தடவை அவளே உள்ளே தள்ளிய கயிறு. ஊர்க் கூட்டத்து நடுவுல நான் அறுத்துக்கறேன், நீ இங்கயே முடிச்சுக்க, சத்தம் போடாத, வாசல்ல ஆபீஸ்காரங்க என்றாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அக்கா பல்லால் கடித்து அவிழ்த்தாள். கன்னம் கன்னத்தில் உரசியது. இரண்டில் யார் கன்னம் நனைந்திருந்தது என்று தெரியவில்லை. அப்புறம் வாசலுக்குப் போய் அக்கா பெருங்குரலெடுத்து அழுதாள். இவள் உள்ளே, வந்தவர்களுக்குக் காபி கலந்தாள். அழுகை அப்போது வராதது, அப்புறமும் வரவில்லை. எங்கே போய் அழுவது என்று கேட்டுக்கொண்டு அது தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. அந்தப் பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது போல. ஒன்று வெளியே வந்தால் மற்றதும் கூடவே வந்துவிடுமோ. அந்தப் பெண் முன்னால் பேரைச் சொல்லி, சொன்னதும் அழுது, ஏன் அழுகிறீங்க, அத்தான் மேல அவ்வளவு பாசமா என்று அவள் கேட்டு. கேட்டால் என்ன சொல்வது. ஆமாம் என்று சொல்லலாம். பக்கிரியைச் சொல்லச் சொல்லலாம், அவன் ஊர்க்காரன், பளிச்சென்று சொல்லிவிடுவான். அவன் எங்கே. டீ குடிக்க இவ்வளவு நேரமா. கேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓரடி வைத்தாள். அதற்குள் வராந்தாப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் கையில் அட்டையும் பேனாவும் கைரேகை மிஷினுமாக வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் இளவரசி வயதுதான் இருக்கும். நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு, காதருகில் பேனா மைக் கறை. தையல்நாயகி ஆட்டோவுக்குள் குனிந்து அக்கா தோளைத் தொட்டாள். அக்கா கண்ணைத் திறந்தாள். கண் தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவு எந்தக் காலத்துத் தெளிவு என்பதுதான் தெரியவில்லை.

“உங்க பேர் சொல்லுங்கம்மா.”

“அபயாம்பாள்.” நாக்கு கொஞ்சம் இழுத்தாலும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

“வீட்டுக்காரர் பேரு?”

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சொல்ல மாட்டாங்களா. சரி. நீங்க யாரு, இவங்களுக்கு?”

“தங்கச்சி.”

“அப்ப நீங்க சொல்லுங்க. உங்க அத்தான் பேருதானே.”

தையல்நாயகி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது. ஓர் அணில் கொடிக்கம்ப மேடையில் ஏறி இறங்கியது. அந்தப் பெண் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து இவள் முகத்தைப் பார்த்தாள். முதலில் பொறுமையாகத்தான் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. ஒரு தங்கை அத்தான் பேரைச் சொல்ல எதற்கு இத்தனை நேரம் என்று அது கேட்கப் போகிறது, இதோ கேட்டுவிடும். புருஷன் பேரைச் சொல்லாதவர்கள் யார் என்று இன்றைக்குத்தான் அவள் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு மூச்சு தாமதித்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவாள்.

“கோவிந்தராசு,” என்றாள் தையல்நாயகி.

குரல் அவளுடையதாக இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு சிறுமியின் குரல் மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அழுகையும் கூட வரவில்லை. வாய் மட்டும் காலியாகிவிட்டது. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு குறி போட்டாள்.

“ஏண்டி,” என்றாள் அக்கா.

சரியான குரலில், இழுப்பு இல்லாமல், மதகு வீட்டு அடுப்படியிலிருந்து கேட்கிற குரலில் சொன்னாள். “புருஷன் பேர இப்படி நடுத்தெருவுல சொல்றியே, கூறுகெட்டவளே.”

பேனா நின்றது.

“என்ன சொல்றாங்க?”

இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமும் பதில் தேடிக்கொண்டிருந்த மாதிரி தையல்நாயகிக்கு அது சட்டென்று வந்துவிட்டது. “அவங்க புருஷன் பேர நான் சொல்லிட்டேன்னு கோவப்படுறாங்க. அவங்க யாரையும் சொல்ல விடமாட்டாங்க.”

அவங்க புருஷன். தன் வாயிலிருந்துதான் வந்தது. அந்தப் பெண் சிரித்தாள். என் பாட்டியும் இப்படித்தான் என்றாள். அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து மிஷினில் வைத்தாள். ஒரு தடவை எடுக்கவில்லை, முந்தானையால் துடைத்து மறுபடி வைத்ததும் எடுத்தது. மறுபடி கல்யாணம் எதுவும் என்று அவள் ஆரம்பித்ததும் அக்கா தலையை இல்லையென்று ஆட்டினாள். என்ன கேள்வி என்று தெரிந்து ஆட்டினாளோ, ஈயை விரட்ட ஆட்டினாளோ. இந்த மாசமே வந்துடும்மா, நின்னதும் சேர்ந்து வரும் என்றாள் அந்தப் பெண். போகத் திரும்பியவள் நின்று, அக்காவின் புடவை மடிப்பையும், வாரிவிட்ட தலையையும், இவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் மாத்திரைப் பையையும் பார்த்தாள்.

“நீங்கதான் கூட இருந்து பாத்துக்கறீங்களா. உங்களுக்குக் குடும்பம்?”

“இல்லைங்க.”

“கல்யாணம் பண்ணிக்கலையா?”

“இல்ல.”

இந்தத் தடவை தாமதம் இல்லை. ஒன்றைச் சொன்ன பிறகு மற்றது வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் முகத்தில் ஒரு பரிவு வந்தது. அப்படின்னா உங்களுக்கும் ஒரு திட்டம் இருக்கும்மா, எதிர்ல தாலுகா ஆபீசுல கேட்டுப் பாருங்க, சும்மா விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். நல்ல பெண். யார் பெற்றதோ.

பக்கிரி தூரத்தில் வந்துகொண்டிருந்தான். தையல்நாயகி ஆட்டோவுக்குள் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிந்துவிட்டது. வருஷம் முழுக்கப் பயமில்லை. மளிகைக் கடைக்குத் தலைநிமிர்ந்து போகலாம். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. எதற்குக் கோபம் என்பதும் போய்விட்டிருக்கும். பிறகு அந்தப் பார்வை ஆபீஸ் வராந்தாவுக்குப் போனது. அங்கே அந்தப் பெண் அட்டையோடு இன்னொருவருக்காக நின்றுகொண்டிருந்தாள். அக்கா முகத்தில் பழைய அவசரம் ஒன்று ஏறியது. வராத கை மடியிலேயே கிடக்க, வருகிற கையைத் தூக்கித் தையல்நாயகியின் கழுத்தைத் தொட்டாள். விரல்கள் வெறும் கழுத்தில் எதையோ தேடி, எடுத்து, ரவிக்கைக்குள் தள்ளின. முந்தானையை இழுத்து மேலே மூடின.

“உள்ள போட்டுக்கடி,” என்றாள் அக்கா ரகசியமாக. “ஆபீஸ்காரங்க இன்னும் போகல.”

தையல்நாயகி முந்தானையை விலக்கவில்லை. கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிய பிறகும் பிடியை விடவில்லை.